7. சருகுக் காலம்

பஞ்சாங்கப்படி பின்பனி என்றால் மாசியும் பங்குனியும். இலையுதிர் காட்டிலோ அது தை பாதியிலேயே வந்துவிடும். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் ஆனைமலையின் கீழ்ச்சரிவுகளிலும் தேக்கும் வெண்தேக்கும் வேங்கையும் இலையைக் கொட்டத் தொடங்கியிருக்கும். மழைக்காலத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் அடைத்துக்கொண்டு நின்ற புதர்க்காடு திறந்துகொள்ளும். சிற்றோடைகள் வற்றி, தண்ணீர் சில குட்டைகளிலும் மோயாறு மாதிரியான ஆறுகளிலும் மட்டும் மிஞ்சும். தாகமெடுத்த விலங்கு அங்கேதான் வந்தாக வேண்டும். காட்டுயிர்ப் படம் எடுக்க இதைவிட நல்ல பருவம் கிடையாது என்று பலரும் சொல்வதற்கு இவைதான் காரணம். அவர்கள் சொல்வது பாதிதான் சரி.

மரத்தை விட்ட இலை தரையில் அல்லவா கிடக்கிறது! காய்ந்த தேக்கிலை மேல் காலை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். காற்றில்லாத காலையில் அந்தச் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பது, நம் கண்ணில் படாத மான் கத்திவிட்டு ஓடும்போதுதான் நமக்குப் புரியும். இலை உதிர்ந்ததால் நம்மால் தொலைவரை பார்க்க முடிகிறது. அதே இலையால் விலங்குகளால் நம்மைத் தொலைவிலேயே கேட்க முடிகிறது. பற்றி எரிவதும் அதே இலைதான். இந்தப் பருவத்தில் எந்தத் தடத்தில் போகலாம், எத்தனை மணிக்குக் கிளம்பலாம், எப்படிக் கால் வைக்கலாம், எங்கே நிற்கலாம் என்பதையெல்லாம் சருகை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கே, எதுவரை

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேறிகளைச் சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல், சரிவு, மாலைக் காற்று மூன்றும் சேர்ந்தால் தீ மேல்நோக்கி ஓடுகிற வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 தடங்களை இணையப் பதிவு முறையில் திறந்தது. உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். அந்தத் தடங்களையும் 2025-இல் பிப்ரவரி நடுவிலேயே தீப் பருவத்துக்காக மூடினார்கள். ஆகவே பயணத்தைத் திட்டமிடும்போது மாசி என்று கணக்குப் போடாமல் தை மாதம் என்று போடுங்கள். ஜனவரி கடைசி வாரமும் பிப்ரவரி முதல் வாரமும் தோது. இலை பாதி உதிர்ந்திருக்கும், தடமும் திறந்திருக்கும். கிளம்புவதற்கு முன்பு அந்தந்தக் கோட்ட அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. காற்றும் வெயிலும் கூடினால் ஒரே நாளில்கூட மூடிவிடுவார்கள்.

புலிகள் காப்பகங்களில் நம் விருப்பத்துக்கு இறங்கி நடக்க முடியாது என்பதை முதல்முறை போகிறவர்கள் பலர் நம்ப மறுக்கிறார்கள். முதுமலையில் வனத்துறை வண்டிதான். ஆனைமலையின் டாப்சிலிப்பில் வனத்துறை ஆளோடு குறிப்பிட்ட தடத்தில் நடக்கலாம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைவதற்கும் படமெடுப்பதற்கும் அனுமதி வேண்டும். 'தெரிந்த ஆள் இருக்கிறார், பின்வழியாகக் கூட்டிப்போவார்' என்று விடுதியில் யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் அபராதம் நமக்கு. வேலை போவது அந்த ஆளுக்கு.

டாப்சிலிப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து கீழே சறுக்கிவிட்ட இடம் என்பதால் வந்த பெயர் அது. மொட்டையாகிப்போன அந்தச் சரிவுகளில் தேக்கை மறுபடி வளர்த்தெடுத்தவர் ஹியூகோ வுட் என்ற ஆங்கிலேய வன அதிகாரி. 1933-இல் இறந்த அவருடைய கல்லறை அங்கேயே இருக்கிறது. இன்று நாம் நடப்பது பெரும்பாலும் நட்டு வளர்த்த தேக்கங்காட்டில். ஒரே வயது, ஒரே உயரம், ஒரே நேரத்தில் இலையுதிர்வு. அதனால்தான் அங்கே சருகு அவ்வளவு கனம். படம் எடுக்க அது சலிப்பூட்டும் பின்னணி என்பது என் எண்ணம். ஆனால் காட்டுமாட்டுக் கூட்டம் ஒன்று அந்தத் தேக்கு வரிசைகளுக்கு நடுவே நிற்கும்போது எல்லாம் மன்னிக்கப்படும்.

தடங்கள் மூடிய பிறகு போகிறவர்கள் வால்பாறைக்குப் போகலாம். ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், ஒன்பதாவது வளைவுக்குப் பக்கத்துப் பாறைச் சரிவுகளில், வரையாடுகளைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை அவை குட்டி ஈனுகிற காலம். பக்கத்துக் கேரளத்தின் இரவிகுளம் பூங்காவை அதற்காகவே பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மூடுகிறார்கள். சாலையோர ஆடு பழகிய ஆடுதான், இருந்தாலும் குட்டிக்கும் தாய்க்கும் நடுவே போய் நிற்காதீர்கள். மேலே தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே துண்டு துண்டாக நிற்கும் மழைக்காடுகளில் இலையுதிர்வே கிடையாது. அங்கே இந்த அத்தியாயத்தின் பாதி செல்லாது. பகலிலும் இருட்டுதான். புதுத்தோட்டம் பக்கத்தில் சோலைமந்திகள் சாலை வரை இறங்கி வரும். பிஸ்கட் போட்டு எடுத்த படம் எதுவாக இருந்தாலும் பார்த்தவுடனே தெரிந்துவிடும், மந்தியின் கண் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பனி ஈரம் காய்வதற்குள்

இந்தக் காலத்தில் சூரியன் ஆறே முக்காலை ஒட்டி எழுகிறது. மரத்தடிக்கு வெயில் இறங்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். இரவுப் பனி சருகின் மேல் இறங்கி அதைப் பதமாக்கி வைத்திருக்கும். அந்த இலை நொறுங்காது, மடங்கும். ஆக, விடிந்ததிலிருந்து எட்டரை மணி வரைதான் பின்பனிக் காடு நமக்குத் தருகிற சத்தமில்லாத நேரம். நடக்க வேண்டிய தூரத்தை அதற்குள் நடந்து முடித்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு நடப்பதை விட்டுவிட்டு உட்கார வேண்டும். விடுதியில் இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குக் கிளம்புகிற குழுக்கள் பார்ப்பதெல்லாம் வாலும் புட்டமும்தான்.

எங்கே கால் வைப்பது என்பதும் முக்கியம். வனத்துறை இப்பருவத்துக்கு முன்பே தீத்தடுப்புக் கோடுகளைப் போட்டிருக்கும். சருகைக் கூட்டி, புல்லைச் செதுக்கி, முன்கூட்டியே எரித்து விட்ட அகலமான வெற்றுப் பட்டைகள் அவை. காட்டில் சத்தமில்லாமல் நடக்க அதைவிட நல்ல இடம் இல்லை. விலங்குகளும் அப்படித்தான் நினைக்கின்றன போலும், காலையில் அந்தச் சாம்பல் புழுதியில் கால்தடங்கள் அச்சடித்துக் கிடக்கும். தீக்கோட்டில் போக வழிகாட்டி ஒத்துக்கொண்டால் அதில் போங்கள். யானைத்தடமும் மிதிபட்டு மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் அதன் உரிமையாளர் எந்த நேரமும் வரலாம். சருகு நிறைந்த காட்டிலும் யானை பெரிய சத்தமில்லாமல் வந்து நிற்கும், அதன் பாதம் அப்படி. லத்தி ஈரமாக இருக்கிறதா, ஒடித்துப்போட்ட கிளையின் இலை வாடாமல் இருக்கிறதா, காற்றில் வாடை வருகிறதா என்று பார்ப்பது வழிகாட்டியின் வேலை. அவர் கையைக் காட்டி நிற்கச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் நில்லுங்கள். திரும்பச் சொன்னால் திரும்புங்கள். ஆனைமலையில் காடர், மலசர்; நீலகிரியில் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் என்று இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். 'அண்ணே, ஒரே ஒரு படம்' என்று அவரை நெருக்குவது, தெரியாத ஆற்றில் படகோட்டியைத் தள்ளிவிடுவதற்குச் சமானம்.

நடையின் தாளத்தை உடைத்துவிடுங்கள். மனிதக் காலடி சீராக விழும். காட்டில் வேறெதுவும் அப்படி நடப்பதில்லை. மேய்கிற மான் நாலடி வைக்கும், நிற்கும், இரண்டடி வைக்கும், தலை தூக்கும். நாமும் பத்தடி நடந்து இரண்டு நிமிடம் நின்றால், சத்தம் கேட்டுத் தலைதூக்கிய மான் மறுபடி மேயத் தொடங்கும். நிற்கும்போது மரத்தடியில் நில்லுங்கள், வெட்டவெளியில் வேண்டாம். நாலு பேருக்கு மேல் குழு இருந்தால் இதெல்லாம் நடக்காத காரியம். பேச்சை நிறுத்தலாம், கால்களை நிறுத்த முடியாது.

உடை மங்கிய பச்சை, பழுப்பு, சாம்பல் எதுவானாலும் சரி. வெள்ளை கூடாது. காட்டு வேட்டைக்காரன் மாதிரிப் புள்ளிப் புள்ளிச் சட்டைக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. உராய்கிற நைலான் பேன்ட்டைவிடப் பழைய பருத்திப் பேன்ட் மேல். வாசனைத் திரவியம் வேண்டாம்.

காதால் பார்ப்பது

சருகு நம்மைக் காட்டிக்கொடுப்பது போலவே மற்றவற்றையும் காட்டிக்கொடுக்கிறது. உட்கார்ந்து அரை மணி ஆனதும் ஒலிகள் பிரியத் தொடங்கும். கொஞ்சம் சலசலப்பு, நிறுத்தம், மறுபடி சலசலப்பு என்றால் அது தரையில் இரை தேடும் பறவை. தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று இலைகளைப் புரட்டிப்போடும் ஆர்ப்பாட்டத்தைக் கேட்டுக் கரடி என்று பயந்து எழுந்தவர்கள் உண்டு. காட்டுக்கோழி காலால் கிளறும், அதன் ஓசை இன்னும் கனமாக இருக்கும். நிற்காமல் இழுபடுகிற ஓசை உடும்பாகவோ பாம்பாகவோ இருக்கலாம். ஒவ்வொன்றாக, அழுத்தமாக, இடைவெளி விட்டு நொறுங்கினால் எடை கூடிய ஏதோ ஒன்று வருகிறது. கேமராவை அப்போதே கண்ணுக்குக் கொண்டுபோங்கள். அது தெரிந்த பிறகு கையைத் தூக்கினால் அந்த அசைவே போதும், ஓடிவிடும்.

இக்காலத்தில் சருகு புரட்டும் பறவைகளில் என் விருப்பம் ஆறுமணிக்குருவி. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்து, கோடை முற்றுமுன் திரும்பிவிடும். விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும், பெயரும் அதனால் வந்ததுதான். ஒன்பது நிறம் பூசிய பறவை என்று சொன்னாலும் நிழலில், பழுப்புச் சருகின் மேல் நிற்கும்போது கண்ணுக்கே தட்டுப்படாது. இலை ஒன்று தானாகப் புரள்வதைப் பார்த்தால் அங்கேயே குவியத்தை வைத்துக் காத்திருங்கள்.

எச்சரிக்கைக் குரல்கள் தனி. புள்ளிமான் கூர்மையாக, விட்டுவிட்டுக் கத்தும். மிளா மணி அடித்தது போல் 'டாங்க்' என்று ஒரே ஓசை எழுப்பும், காலால் தரையைத் தட்டும். மரத்தின் மேலிருந்து மந்தி இருமும். மலை அணில் கடகடவென்று தொடர்ந்து கத்தும், ஆனால் அது பருந்துக்கும் கத்தும், நமக்கும் கத்தும், அதை நம்பி எழ வேண்டாம். மிளா கத்தினால் நம்பலாம். இவற்றில் எது கேட்டாலும் ஓசை வந்த பக்கம் ஓடாதீர்கள். கத்துகிற விலங்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் விஷயம் முடிந்தது.

கேமராவில்

லென்ஸ் எது வாங்குவது என்பது முன் அத்தியாயத்தில் முடிந்துபோன கதை. இங்கே பருவத்துக்கான மாற்றங்கள் மட்டும்.

இலையில்லாக் காட்டில் பெரிய எதிரி குச்சிகள். முன்னால் குறுக்கிடும் சுள்ளியைத்தான் கேமரா முதலில் பிடிக்கும். குவியப் புள்ளிகளைப் பரவலாக விடாமல் ஒற்றைப் புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். கண்ணைத் தேடிப் பிடிக்கும் புதிய கேமராக்களும் சுள்ளிக்காட்டில் தடுமாறும். கைக்குவிய வளையத்தில் ஒரு விரல் எப்போதும் இருக்கட்டும்.

வெளிச்சம் ஒன்பதரைக்கு மேல் கெட்டுவிடும். மேலே கூரை இல்லாததால் கிளைகளின் நிழல் கோடு கோடாக மானின் முதுகில் விழும். புள்ளியோடு கோடும் சேர்ந்தால் அது மானா வரிக்குதிரையா என்று கேட்பார்கள். பத்து மணிக்கு மேல் சூடேறிய தரையிலிருந்து கானல் எழும். ஐந்நூறு மில்லிமீட்டர் லென்ஸில் தொலைவில் நிற்கும் விலங்கு தண்ணீருக்குள் நிற்பது போல் நெளியும். லென்ஸை மாற்றினாலும் ஸ்டாண்டை மாற்றினாலும் இது தீராது. கிட்டத்தில் இருப்பதை எடுங்கள், இல்லையென்றால் மூடி வைத்துவிடுங்கள்.

காட்டுமாடும் யானையும் கருத்த உடல்கள். சட்டத்தை அவை நிறைத்தால் கேமரா அவற்றைச் சாம்பலாக்கப் பார்க்கும். மூன்றில் இரண்டு படியோ ஒரு படியோ ஒளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். மொட்டைக் கிளையில், வெளுத்த வானத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் மந்திக்கு நேர்மாறு, ஒன்றரைப் படி வரை கூட்ட வேண்டியிருக்கும். நடக்கும் மானுக்கு நொடியில் 500-இல் ஒரு பங்கு போதும். பறவை சிறகு விரித்தால் 2000-க்குப் போங்கள். அதற்காக ஐஎஸ்ஓ 3200 ஆனாலும் கவலை வேண்டாம். புள்ளி தட்டிய படத்தைச் சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் சருகின் செம்பழுப்பை அது நோயென்று நினைத்து நீக்கிவிடும். பகல்வெளிச்சம் என்று வைத்துவிடுங்கள்.

கேமராவில் ஓசையில்லா ஷட்டர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மான் ஒருமுறை தலைதூக்கினால் பொறுத்துக்கொள்ளும், சரசரவென்று இருபது கிளிக் விழுந்தால் போய்விடும். லென்ஸைக் காட்டுக்குள் கழற்ற வேண்டாம். தீக்கோட்டுச் சாம்பல் மழைக்கால ஈரத்தைவிட மோசம். முக்காலியை விடுதியிலேயே விட்டுவிட்டு மோனோபாட் எடுத்துவாருங்கள்.

எதை எடுப்பது என்பதில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையில், தானே பல பாகங்களைச் சேர்த்து ஒட்டுப்போட்ட கேமராவோடு முதுமலை போன்ற காடுகளில் நடந்தும் யானை மேல் ஏறியும் படமெடுத்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். அவர் படங்களில் விலங்கோடு அது நிற்கிற இடமும் இருக்கும். இன்று எல்லோரும் முகத்தை மட்டும் நிரப்பிக்கொண்டு வருகிறார்கள், அது உயிரியல் பூங்காவில் எடுத்ததா என்று கேட்டால் கோபம் வேறு. இலையுதிர்ந்த காடு விலங்கை அதன் வீட்டோடு காட்டுகிற பருவம். லென்ஸைக் கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள்.

நடக்க வேண்டாத இடம்

இலை போன மரங்களில் சில இப்போதுதான் பூக்கும். முள்ளிலவு, புரசு, கல்யாண முருங்கை மூன்றும் ஏறக்குறைய மொட்டைக் கிளையில் சிவப்பாகப் பூத்து நிற்கும். கரிச்சான், மைனா, பச்சைச்சிட்டு, தேன்சிட்டு, கிளி எல்லாம் தேனுக்கு வரும். மந்தி பூவையே தின்னும். அது சிந்தியதைத் தின்னப் புள்ளிமான் கீழே வந்து நிற்கும். இப்படி ஒரு மரத்தை முதல் நாள் மாலை பார்த்து வைத்துக்கொண்டு, மறுநாள் காலை வெயிலுக்கு முதுகு காட்டி, சரிவில் மேலேறி, பூவின் மட்டத்துக்கு வந்து உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் ஓடிவிடும். இந்தப் பருவத்தில் எனக்குப் பிடித்த படங்களில் பெரும்பாலானவை இப்படி உட்கார்ந்து கிடைத்தவைதான்.

தண்ணீர்க் குட்டையும் அப்படித்தானே என்று தோன்றும். இல்லை. பூ மரம் பத்து இருக்கும், குட்டை ஒன்றுதான் இருக்கும். அதன் கரையில் நாம் உட்கார்ந்தால் தாகத்தோடு வந்த கூட்டம் புதருக்குள் நின்று வெயில் சாயும் வரை காத்திருக்கும். வழிகாட்டி காட்டும் தொலைவான இடத்திலிருந்து பாருங்கள், அரை மணிக்கு மேல் வேண்டாம்.

இருவாச்சிக் கூடு இன்னும் நுட்பமான விஷயம். இந்த மாதங்களில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு பிளவு விட்டிருக்கும். அதற்கும் பிறகு குஞ்சுக்கும் சோறு ஆண் கொண்டுவருவதுதான். மரத்தடியில் ஆள் இருந்தால் ஆண் இறங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பவர்கள் பட்டினி. கூட்டை விட்டுவிட்டுப் பழுத்த அத்தி மரத்தைத் தேடுங்கள். ஆண் இருவாச்சி பழம் சேகரிக்க அங்கே வந்துதான் ஆகவேண்டும், படமும் கூட்டு வாசலில் கிடைப்பதைவிட நன்றாக இருக்கும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இந்தக் காலத்தில் கூடாது. பல பறவைகள் எல்லை பிரித்துக் கூடு கட்டுகிற நேரம் இது. போட்டிக்கு ஆள் வந்துவிட்டதென்று இல்லாத எதிரியைத் தேடி அலையும். கூடு கண்ட படத்தை வெளியிடும்போது இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். எந்த மலை என்பது போதும், எந்தத் தடம் என்பது வேண்டாம்.

திரும்பி வந்ததும்

மழைக்காலத்தில் அட்டைக்குப் பயந்து உப்பும் புகையிலையும் கொண்டுபோனவர்கள், இப்போது அட்டை இல்லை என்று அரைக்கால் சட்டையில் வருகிறார்கள். அட்டை போன இடத்துக்கு உண்ணி வந்துவிட்டது. மேற்குத்தொடர்ச்சி மலையில் உண்ணியின் இளம் பருவம் பெருகுவது இந்த வறண்ட மாதங்களில்தான். சருகிலும் புல் நுனியிலும் கடுகைவிடச் சிறிதாக ஒட்டிக்கொண்டிருக்கும். தாழ்ந்த கோணத்தில் படமெடுக்கத் தரையில் குப்புறப் படுப்பவர்களுக்குத்தான் முதல் கடி. அட்டை கடித்தால் ரத்தத்தோடு போயிற்று. உண்ணி நோய் தரும். 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டுபிடிக்கப்பட்ட குரங்குக் காய்ச்சல் அப்படிப் பரவுவதுதான். நீலகிரியை ஒட்டிய காடுகளிலும் அது தலைகாட்டியிருக்கிறது. குரங்கு செத்துக் கிடந்தால் பக்கத்தில் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். உட்காரவும் படுக்கவும் வெளிர் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வைத்துக்கொண்டால் ஊர்ந்து வருவது தெரியும். அறைக்கு வந்ததும் உடுப்பைக் கட்டிலில் போடாமல் நேராகச் சுடுதண்ணீரில் போடுங்கள். இடுப்பு, அக்குள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் தீக்குச்சி காட்டுவதும் எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். நுனி கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தெடுத்து, இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்காமல் மருத்துவரிடம் போங்கள். எந்தக் காட்டில், எந்தத் தேதியில் நடந்தீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.